காராமணி கடந்த கடல்

காராமணிக்கு அதிக மழை வேண்டாம். நல்ல மண்ணும் வேண்டியதில்லை. மற்ற பயிர்கள் தலை தொங்கும் வெயிலிலும் கொடி வீசிக்கொண்டே போகும். சில ரகங்களில் அறுபது எழுபது நாளில் காய் பறிக்கலாம். வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால், விளைந்த நிலம் விதைத்த நிலத்தைவிட வளமாகவே மிஞ்சும். இளம் இலை கீரை, பிஞ்சு பொரியல், முற்றிய விதை வருடம் முழுக்கப் பானையில் இருக்கும் சாப்பாடு, கொடி மாட்டுக்கு. ஏழை வீட்டுக்கு இதைவிட விசுவாசமான பயிர் கிடையாது.

இது பிறந்த இடம் ஆப்பிரிக்கா. மத்திய கானாவில் கிந்தாம்போ பண்பாட்டு மக்கள் தங்கிய பாறை ஒதுக்கிடங்களில் கருகிய காராமணி விதைகள் கிடைத்திருக்கின்றன. வயது 3500 ஆண்டுகளுக்கு மேல். அங்கிருந்து கிழக்கே புறப்பட்ட விதை வெகு காலத்துக்கு முன்பே இந்தியாவுக்கு வந்துவிட்டது. கொங்கு நாட்டில் கத்தரிக்காயோடு குழம்பாகும் தட்டைப்பயறும், காரடையான் நோன்பு அடையில் சேரும் காராமணியும், இலங்கைக் கடைகளில் கௌபி என்று விற்பதும் இந்த ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்தான். அந்தப் பயணம் உழவர்களும் வணிகர்களும் கைமாற்றிக் கைமாற்றி நடந்தது. மேற்கே போன பயணம் அப்படி நடக்கவில்லை. விலங்கு பூட்டிய மனிதர்கள் இருந்த கப்பலில் அது போனது.

அந்த மனிதர்களின் வம்சாவளியினர் சமைக்கும் சாப்பாட்டை உலகம் இன்று 'சோல் ஃபுட்' என்கிறது. அதைப் பற்றி ஒரு கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது: எசமானர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய குடலையும் காலையும் காதையும் வைத்து அடிமைகள் எப்படியோ ருசி கண்டார்கள் என்று. அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் முழுச் சமையலையும் அந்த ஒரு வரிக்குள் அடைத்துவிட்டால், கையில் விதையோடும் மனதில் பக்குவத்தோடும் வாழ்ந்த ஒரு சமூகத்தைப் பிறர் எச்சிலில் பிழைத்ததாக ஆக்கிவிடுகிறோம். காராமணியின் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் அந்தக் கதை நிற்காது.

மேற்கு ஆப்பிரிக்காவில் இந்தப் பயறுக்கு இருந்த சமையலைப் பாருங்கள். நைஜீரியப் பகுதியின் யொருபாப் பெண்கள் இதை ஊறவைத்து, கையால் தேய்த்துத் தோல் கழற்றி, வெங்காயமும் மிளகாயும் சேர்த்து அரைத்து, நுரைக்க அடித்து, காய்ந்த எண்ணெயில் கரண்டி கரண்டியாக விடுவார்கள். அதன் பெயர் அக்காரா. நம் வடைக்கு மாவு பதம் பார்க்கிற அதே கண்தான் அதற்கும் வேண்டும். செனகலில் அரிசியும் பயறும் ஒரே பானையில் வேகும். கானாவில் அதே சேர்க்கை வாக்யே. சோளத்தின் காய்ந்த தோகையைப் போட்டு வேகவைப்பதால் சோறு செம்பழுப்பாக இறங்கும். இப்படித் தலைமுறை தலைமுறையாகப் பயறறிந்த கைகளைத்தான் கப்பலில் ஏற்றினார்கள்.

அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் ஏற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய 18 லட்சம் பேர் கடலிலேயே இறந்தார்கள். இன்றைய அமெரிக்கா இருக்கும் நிலப்பரப்பில் நேராக இறக்கப்பட்டவர்கள் 4 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இத்தனை பேரை வாரக்கணக்கில் உயிரோடு கொண்டுபோக வேண்டுமானால் சாப்பாடு வேண்டும். கப்பல் தலைவர்கள் ஆப்பிரிக்கக் கரையிலேயே அரிசி, யாம் கிழங்கு வகைகள், மக்காச்சோளம், பயறு என்று மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். பழகிய சாப்பாடு கொடுத்தால் சாவு குறையும் என்பது அவர்களுடைய லாபக் கணக்கு. கரை சேர்ந்தபோது மூட்டைகளில் மிஞ்சியிருந்த தானியம் முளைக்கும் தானியம். ஜூடித் கார்னி, ரிச்சர்ட் ரோசமோஃப் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்த வழியை விரிவாகத் தொடர்கிறது. புதிய கண்டத்தில் ஆப்பிரிக்கப் பயிர்கள் முதலில் வேர்விட்டது அடிமைகளின் சிறு தோட்டங்களில்தான் என்பது அவர்களுடைய வாதம்.

தென் கரோலினாவின் தாழ்நிலக் கடலோரம் அதற்கு நல்ல சாட்சி. அங்கே நெல் விளைந்தது. நெல் வளர்க்கத் தெரிந்த செனகாம்பியா, சியரா லியோன் பகுதி மக்களின் உழைப்பிலும் அறிவிலும் அது விளைந்தது. சார்ல்ஸ்டன் துறைமுகம் அந்த நெல்லால் பணக்கார ஊரானது. நெல் வயலில் ஆளுக்கு இவ்வளவு என்று அன்றைய வேலையை அளந்துவிடுவார்கள். அதை முடித்தபின் பொழுது மிச்சமிருந்தால் அது அவரவருடையது. அந்த மிச்சப் பொழுதில், குடிசைக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில், வெண்டையும் எள்ளும் தர்பூசணியும் காராமணியும் முளைத்தன. எசமானர் அளந்துபோட்ட படி எவ்வளவு என்பதை மேரிலாந்தில் அடிமையாக வளர்ந்த ஃப்ரெடரிக் டக்ளஸ் 1845இல் எழுதியிருக்கிறார்: வளர்ந்த ஓர் ஆளுக்கு மாதத்துக்கு எட்டு பவுண்டு பன்றி இறைச்சி அல்லது அதற்கு ஈடான மீன், ஒரு புஷல் மக்காச்சோள மாவு. விடியலிலிருந்து இருட்டும்வரை உழைக்கும் உடம்புக்கு இதில் காய் இல்லை, கீரை இல்லை, பயறு இல்லை. இல்லாததையெல்லாம் நிலா வெளிச்சத்தில் அவர்களே விளைவித்துக்கொண்டார்கள். யார் எறிந்த மிச்சமும் அது இல்லை. அவர்கள் பாடுபட்டு, தங்கள் விதையில், தங்கள் அறிவில் எடுத்தது.

பிறகு அந்தச் சாப்பாடு பெரிய வீட்டுக்குள்ளும் போனது. சமையல்கட்டில் நின்றவர்கள் அவர்கள்தானே. 1824இல் வெளியான மேரி ராண்டால்ஃபின் 'வர்ஜீனியா ஹவுஸ்வைஃப்' நூலில் வயல் பயறை வேகவைத்து, மசித்து, கொழுப்பில் பழுப்பாகப் பொரித்தெடுக்கும் ஒரு குறிப்பு இருக்கிறது. முறை சற்று வேறு என்றாலும் அக்காராவின் முகஜாடை அதில் தெரிகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. 1847இல் சார்ல்ஸ்டன் சீமாட்டி சாரா ரட்லெஜ் தன் பெயர் போடாமல் வெளியிட்ட 'கரோலினா ஹவுஸ்வைஃப்' நூலில் ஹாப்பின் ஜான் வருகிறது: பன்றி இறைச்சி, செம்பயறு, அரிசி, மூன்றும் ஒரே பானையில். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட எட்வர்ட் ரட்லெஜின் மகள் அவர். ஹாப்பின் ஜானுக்கு அச்சில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் இது ஒன்று. செனகல் பானையும் கானா பானையும் அதில் அப்படியே இருக்கின்றன. அதை அடுப்பில் ஏற்றி இறக்கிய பெண்ணின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஜனவரி முதல் நாள் காராமணி சாப்பிட்டால் வருடம் நன்றாக இருக்கும் என்பது இன்று தென் மாநிலங்கள் முழுக்க, கறுப்பர் வெள்ளையர் இருவர் வீட்டிலும், உள்ள நம்பிக்கை. பயறு நாணயம், கூடவே வேகும் காலர்ட் கீரை பண நோட்டு, மக்காச்சோள ரொட்டி தங்கம். இந்த நம்பிக்கை எப்படி வந்தது என்பதற்குப் பலரும் சொல்வது ஓர் உள்நாட்டுப் போர்க் கதை. வடக்குத் தளபதி ஷெர்மனின் படை 1864இல் ஜார்ஜியாவைச் சூறையாடிப் போனபோது, மாட்டுத் தீவனம் என்று நினைத்துக் காராமணியை விட்டுவிட்டுப் போனதாம், அதனால் ஊர் பிழைத்ததாம். அந்தக் கதையில் பயறை மனித உணவென்று கண்டுகொண்டவர்கள் பசித்த வெள்ளையர்கள். அதே ஊரில் நூறு வருடத்துக்கு மேலாக அதை உண்டு வந்தவர்கள் கதைக்குள்ளேயே இல்லை.

அவர்களுக்கு அந்த நாள் வேறாக இருந்தது. ஜனவரி 1 அடிமைகளை வருட வாடகைக்கு விடும் நாள். யார் எந்தத் தோட்டத்துக்கு, எந்த ஊருக்கு என்பது அன்று தீர்மானமாகும். கடன் அடைக்க விற்பதும் அன்று நடக்கும். அடிமையாகப் பிறந்த ஹாரியட் ஜேக்கப்ஸ் 1861இல் வெளியிட்ட தன் வாழ்க்கை வரலாற்றில் இந்த நாளுக்கென்றே ஓர் அத்தியாயம் எழுதினார். ஏழு பிள்ளைகளும் ஒரே நாளில் ஏலம் போன ஒரு தாயை அதில் காட்டுகிறார். டிசம்பர் 31 இரவு ஒரே கூரையின் கீழ் உண்ணும் கடைசி இரவாக இருக்கலாம் என்ற பயம் எல்லாக் குடிசையிலும் இருந்தது. பிறகு 1862இன் கடைசி இரவு வந்தது. மறுநாள் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வரும் என்று தேவாலயங்களில் விழித்திருந்து காத்தார்கள். 1863 ஜனவரி 1 அன்று தென் கரோலினாவின் போர்ட் ராயல் பகுதியில், கேம்ப் சாக்ஸ்டன் முகாமில், பிரகடனத்தை உரக்க வாசித்துக் காளைகளைச் சுட்டு விருந்து வைத்தார்கள். கறுப்பின தேவாலயங்களில் அந்தக் கண்விழிப்பு ஆராதனை இன்றும் தொடர்கிறது. முடிந்து வீட்டுக்குப் போனால் அடுப்பில் பயறு இருக்கும். புதுவருடப் பயறு முதலில் எந்த வீட்டில் வெந்தது என்று தேடுவதைவிட, குடும்பம் பிரிக்கப்பட்ட நாளில் குடும்பம் கூடி உண்ணும் உரிமை வந்தது என்பதை நினைத்துக்கொண்டு அந்தத் தட்டைப் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கும்.

விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கு உழுதார்கள். விதை, மாவு, உப்பு எல்லாம் கடைக்காரரிடம் கடன். கடனுக்கு ஈடு பருத்தி மட்டுமே. ஆகவே வாசற்படிவரை பருத்தி போடச் சொன்னார்கள், காய்கறிக்கு இடமில்லை. வருடா வருடம் பருத்தியே போட்டு மண்ணும் செத்தது, உடம்பும் செத்தது.

அப்போதுதான் இந்தப் பயறுக்கு மிகப் பெரிய வக்கீல் ஒருவர் வந்தார். ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், தானே அடிமையாகப் பிறந்தவர், 1896இல் அலபாமாவின் டஸ்கீகி கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். உலகம் அவரை நிலக்கடலையோடு சேர்த்தே நினைக்கிறது. அதற்கு முன்பே அவர் பிடித்துக்கொண்டது காராமணியை. 1903இல் காராமணி சாகுபடி பற்றி ஒரு துண்டு நூல், 1908இல் அதைச் சமைப்பது எப்படி என்று இன்னொன்று, 1910இல் டஸ்கீகி இருக்கும் மேகன் கவுண்டியில் அதனால் என்னவெல்லாம் செய்யலாம் என்று மற்றொன்று. உரம் வாங்கக் காசில்லாதவன் வேர் முடிச்சிலேயே உரம் பெறலாம், விளைச்சலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், கொடியை மாட்டுக்குப் போடலாம் என்று வழி சொன்னார். கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாவது குறையும் என்பதுதான் அவர் நோக்கம். எழுத்துத் தெரியாதவர்களுக்காக 1906இல் ஜெசப் வண்டி என்ற பெயரில், கருவிகளும் விதைகளும் ஏற்றிய குதிரை வண்டி கிராமம் கிராமமாகப் போனது. மண்வள ஆராய்ச்சியாளர் ஒருவர் பயறு வேகவைக்கும் பக்குவத்தைத் தன் வேலையாக நினைத்து எழுதியதை நான் மிகப் பெரிய விஷயமாக மதிக்கிறேன். வயலும் அடுப்பும் ஒன்று என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

முதல் உலகப் போர்க் காலம் தொடங்கி 1970 வரை ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டுப் புறப்பட்டார்கள். சிகாகோ, டெட்ராய்ட், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் என்று பரவினார்கள். ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் அவர்களுக்கு இடமில்லை; இருந்தாலும் திரைக்குப் பின்னால். அதனால் பொரித்த கோழியையும் அவித்த முட்டையையும் கேக் துண்டையும் செருப்புப் பெட்டியில் கட்டிக்கொண்டு ஏறினார்கள். ஊரிலிருந்து வரும் உறவினர் மூட்டையில் காய்ந்த பயறும் வரும்.

சில்வியா வுட்ஸ் தென் கரோலினாவின் ஹெமிங்வே என்ற சிற்றூரில் வளர்ந்தவர். பீன்ஸ் பறிக்கும் வயலில்தான் சிறுமியாக இருந்தபோது தன் வருங்காலக் கணவரைச் சந்தித்தார். நியூயார்க்கின் ஹார்லெமில் ஒரு சிறு உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்து, 1962இல் அதே கடையை விலைக்கு வாங்கினார். அதற்கான பணத்துக்குத் தாய் ஊரில் இருந்த நிலத்தை அடமானம் வைத்தார். சில்வியாவின் கடையில் பிறகு அதிபர் வேட்பாளர்களும் பாடகர்களும் வந்து உட்கார்ந்தார்கள். ஆனால் தட்டில் இருந்தது ஹெமிங்வே வீட்டுச் சாப்பாடு: பொரித்த கோழி, காலர்ட் கீரை, காராமணி. அந்த 1960களில்தான் 'சோல் ஃபுட்' என்ற பெயரும் பெருமையோடு பரவியது. எழுத்தாளர் அமீரி பராக்கா, அப்போது லெராய் ஜோன்ஸ், அந்தத் தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார்.

எல்லோரும் கொண்டாடவில்லை. கறுப்பின இஸ்லாமிய இயக்கமான நேஷன் ஆஃப் இஸ்லாமின் தலைவர் இலைஜா முகமது 1967இல் வெளியிட்ட உணவு நூலில் காராமணியை விலக்கச் சொன்னார். அடிமைக்காலத்துச் சாப்பாட்டிலிருந்து விடுபட்டால்தான் மனம் விடுபடும் என்பது அவர் நிலை. அதற்குப் பதில் வெள்ளை நேவி பீன்ஸை அனுமதித்தார். அதிலிருந்து ஒரு இனிப்பு பீன்ஸ் பை பிறந்து நகரத் தெருக்களில் விற்பனைக்கு வந்தது. அந்தக் கோபத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. உப்பும் கொழுப்பும் நோயும் பற்றிய கவலை உண்மையானது. ஆனால் காராமணியை அடிமைத்தனத்தின் கணக்கில் எழுதியது தவறு. அது அந்த அட்லாண்டிக் அடிமைத்தனத்தைவிட மூவாயிரம் வருடம் மூத்தது.

மிசிசிப்பியில் ஃபேனி லூ ஹேமர் இதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார். இருபது பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர், பருத்தி பறித்தே வளர்ந்தவர். 1962இல் வாக்காளராகப் பதியப் போனதற்காக, 18 வருடம் உழைத்த தோட்டத்திலிருந்து அன்றே வெளியேற்றப்பட்டார். அந்தக் குளிர்காலத்தில் பக்கத்து லெஃப்ளோர் கவுண்டியில், வாக்குரிமை கேட்டவர்களைப் பணியவைக்க, ஏழைகளுக்கு வந்துகொண்டிருந்த அரசு உணவுப்பொருள் விநியோகத்தையே அதிகாரிகள் நிறுத்தினார்கள். பசியை ஆயுதமாக்குகிறவனிடம் சாப்பாட்டுக்குக் கையேந்தக் கூடாது என்று ஹேமர் முடிவெடுத்தார். 1969இல் 40 ஏக்கரில் ஃப்ரீடம் ஃபார்ம் கூட்டுறவைத் தொடங்கினார். பயறு, வெண்டை, கீரை, பீன்ஸ் விளைந்தன. பன்றி வங்கி ஒன்றும் இருந்தது: ஒரு குடும்பத்துக்குப் பெண் பன்றி கொடுப்பார்கள், ஈன்ற குட்டிகளில் சில வேறு குடும்பங்களுக்குப் போகும். பணமில்லாமலும் வெள்ளத்தாலும் வறட்சியாலும் 1970களின் நடுவில் அது முடிந்துபோனது. குடிசைக்குப் பின்னாலிருந்த அந்தத் துண்டு நிலம்தான் ஹேமரின் கையில் கூட்டுறவுப் பண்ணையாகியிருந்தது.

இத்தனை காலமும் பக்குவம் பெரும்பாலும் எழுத்தில் இல்லாமல் கையிலிருந்து கைக்குப் போனது. 1881இல் சான்பிரான்சிஸ்கோவில் வெளியான அப்பி ஃபிஷரின் சமையல் நூல் அவர் வாயால் சொல்ல மற்றவர்கள் எழுதியது. தென் கரோலினாவில் பிறந்த அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1970இல் 'வைப்ரேஷன் குக்கிங்' எழுதிய வெர்டாமே ஸ்மார்ட்-குரோவனர் அளவுக் கரண்டியையே ஏற்கவில்லை. பார்த்தும் முகர்ந்தும் சமைப்பேன் என்றார். அவர் கரோலினா தாழ்நிலத்து குல்லா கீச்சி மக்களில் ஒருவர். அந்த மக்களின் அடுப்பில் ஹாப்பின் ஜானை இப்படித்தான் செய்வார்கள்: புகையூட்டிய பன்றிக் கணுக்காலை வெங்காயம், காய்ந்த மிளகாயோடு முதலில் நெடுநேரம் கொதிக்கவிட்டு, எலும்பின் சாரம் முழுக்கத் தண்ணீரில் இறங்கியபின் ஊறிய பயறைப் போடுவார்கள். பயறு முக்கால் பதம் வந்ததும் கழுவிய அரிசி. சாறு அரிசியை மூடி விரல் கணு அளவு நிற்க வேண்டும். மூடிவிட்டால் கிளறக் கூடாது. பருக்கை பருக்கையாக உதிர வேண்டும், பயறு உடையாமல் வெந்திருக்க வேண்டும். குழைந்துவிட்டால் மூத்த பெண்கள் முகம் சுளிப்பார்கள். இரத்தக் கொதிப்புக்கு அஞ்சிய வீடுகளில் இப்போது புகையூட்டிய வான்கோழிக் கழுத்து அந்த வேலையைச் செய்கிறது. பிரையன்ட் டெரி போன்றவர்கள் 2009 வாக்கிலேயே இறைச்சியே இல்லாமல் சமைத்துக் காட்டிவிட்டார்கள். ஆப்பிரிக்கப் பானையில் பயறுக்கும் கீரைக்கும்தானே பெரிய இடம் இருந்தது.

ஜார்ஜியாவின் சபேலோ தீவுக்குப் பாலம் கிடையாது. படகில்தான் போகவேண்டும். அங்கே ஹாக் ஹம்மக் என்ற குடியிருப்பில் தோட்ட அடிமைகளின் வம்சாவளியினர் சில டசன் பேர் இன்னும் வாழ்கிறார்கள். கடற்கரை வீடு தேடி வரும் பணக்காரர்களால் நில மதிப்பு ஏறியது. வருமானம் ஏறாத வீடுகளுக்குச் சொத்து வரி பல மடங்கானது. வரி கட்ட முடியாமல் நிலம் கைமாறத் தொடங்கியது. தீவின் வரலாற்றைச் சொல்லிவந்த கொர்னீலியா வாக்கர் பெய்லி, முன்னோர் வைத்திருந்த சிவப்புக் காராமணி ரகத்தைத் தன் கடைசி ஆண்டுகளில் மீண்டும் விதைக்க வைத்தார். சார்ல்ஸ்டனிலும் அட்லாண்டாவிலும் பெரிய சமையல்காரர்கள் இந்தப் பழைய பயறுக்கு நல்ல விலை கொடுக்கிறார்கள். அந்த விலையில் வரி கட்டி நிலத்தைக் காப்பது அவர் திட்டம். 2017இல் அவர் இறந்தார். அவர் குடும்பத்தாரும் ஊராரும் விதைப்பதை நிறுத்தவில்லை.